விட்டுப்போன ஒரு 'என்'

கீழக்கரையில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்தால் சராசரியாக 400 ஜிபி வரும். மூன்று கேமரா, ஒரு ட்ரோன், முதல் நாள் சடங்கு, நிக்காஹ், மறுநாள் விருந்து. கல்யாண வீட்டுக்கு ஸ்டுடியோ கொடுப்பது அதில் இரண்டு மணி நேரப் படம், 20 ஜிபிகூட இருக்காது. மீதியை அழித்துவிடலாமே என்றுதான் நான் முதலில் சொன்னேன். ஸ்டுடியோ நடத்தும் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, அஞ்சு வருசம் கழிச்சு துபாய்லேருந்து போன் வரும். வாப்பா மௌத்தாயிட்டாக, அவுக பேசுன துண்டு எங்கேயாச்சும் கெடக்குமான்னு கேப்பாக. இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

அவரிடம் அப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகள் ஒரு பீரோவில் இருந்தன. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கடை. எங்கள் கரையில் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளே நாலு வருடத்தில் துருப்பிடித்துப் பொடியாக உதிரும். ஹார்டு டிஸ்கின் யுஎஸ்பி வாய் எம்மாத்திரம்? சிலவற்றில் பச்சை பூத்திருந்தது. இரண்டு டிஸ்க் சுழலவே இல்லை. நான் பத்து வருடம் சென்னையில் சர்வர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கொரோனா காலத்தில் ராமநாதபுரத்துக்கே திரும்பி வந்தவன். காக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது டேப் லைப்ரரி என்று சொன்னேன், அதாவது ஃபைல்களைக் காந்த நாடாவில் எழுதி வைக்கும், டேப்புகளைத் தானே மாற்றிக்கொள்ளும் பெட்டி. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "கேசட்டா? மறுபடியுமா?" அவர் தொழிலைத் தொடங்கியது விஎச்எஸ் கேசட் காலத்தில். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய சர்வர் சாமான் விற்கும் ஒருவரிடம் 24 தட்டு உள்ள லைப்ரரி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரே ஒரு எல்டிஓ-6 டிரைவ். எல்டிஓ என்பது டேப்பின் வகை, 6 அதன் தலைமுறை. கிட்டத்தட்ட 20 கிலோ. ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் போர்வை சுற்றிக் கொண்டுவந்தேன். எல்டிஓ-6-ஐ எடுத்ததற்குக் காரணம் விலைதான். ஒரு டேப்பில் 2.5 டிபி பிடிக்கும். அட்டைப் பெட்டியில் 6.25 டிபி என்று போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். அது டிரைவ் தானே சுருக்கி எழுதும் என்ற கணக்கில் வரும் எண். கேமராவிலிருந்து வரும் வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதை மேலும் சுருக்க முடியாது. ஆக ஒரு டேப்புக்கு ஆறு கல்யாணம்.

வேலை எல்லாம் லினக்ஸில், கருப்புத் திரையில். கட்டளைகளை இங்கே நான் போனில் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அப்படி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கதையே அதில்தான்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். லைப்ரரி என்பது ஒரு இயந்திரம் போலத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு. ஒன்று கை, இன்னொன்று வாய். தட்டிலிருந்து டேப்பை எடுத்து டிரைவில் வைக்கும் ரோபோ, கை. டேப்பைப் படித்து எழுதும் டிரைவ், வாய். 'எல்எஸ்ஸ்கஸி ஹைஃபன் ஜி' என்று அடித்தால் இரண்டும் தனித்தனி வரியில் வரும். டிரைவுக்கு எதிரே 'டேப்' என்றும் கைக்கு எதிரே 'மீடியம்எக்ஸ்' என்றும் இருக்கும். கையோடு பேச 'எம்டிஎக்ஸ்'. வாயோடு பேச 'எம்டி'. வாயில் சோறு போட 'டார்', ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டி டேப்புக்கு அனுப்பும் நிரல். கைக்குத் தர வேண்டிய கட்டளையை வாய்க்குக் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று முழித்த இரவுகள் எனக்கு உண்டு.

கைக்கு 'எஸ்ஜி4' போல ஒரு பெயர் கிடைக்கும். அந்த எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நேற்று 4 ஆக இருந்தது இன்று 3 ஆகிவிடும். டெவ் அடைவுக்குள் டேப், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் சீரியல் எண்ணோடு நிலையான பெயர் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எம்டிஎக்ஸ் ஸ்டேட்டஸ்' அடித்தால் எந்தத் தட்டில் எந்த டேப் என்று பார்கோடோடு பட்டியல் வரும். 'லோட் 3' என்றால் மூன்றாம் தட்டில் இருப்பதை டிரைவில் வைக்கும். திரும்ப எடுக்கும் முன் 'எம்டி ஆஃப்லைன்' கொடுத்து டேப்பை வெளியே தள்ளச் சொன்னால்தான் எங்கள் லைப்ரரியின் கை தொடும். இல்லையென்றால் பிழைச் செய்தி. இதை யாரும் சொல்லித் தரவில்லை, அரை மணி நேரம் போனது.

பார்கோடு பற்றி ஒரு வார்த்தை. ஆறு எழுத்து, கடைசியில் டேப்பின் தலைமுறையைச் சொல்லும் 'எல்6'. டேப்பின் முதுகில் அதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கேதான் ஒட்ட வேண்டும். கடைப் பையன் ஆர்வத்தில் ஒவ்வொரு டேப்பின் மேல்பக்கமும் ஸ்டுடியோவின் தங்க நிற ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தான். முதல் டேப் தட்டில் சிக்கியது. ரோபோ மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஸ்டிக்கர்களை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்கலாமா என்று பையன் கேட்டான். நல்லவேளை, கேட்டான்.

இனி அந்த 'என்'.

லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர். 'எஸ்டி0', 'என்எஸ்டி0'. முதல் பெயரில் கூப்பிட்டால், வேலை முடிந்ததும் டேப் தானாக ரீவைண்ட் ஆகி ஆரம்பத்துக்கு வந்துவிடும். இரண்டாம் பெயரில் கூப்பிட்டால், நிறுத்திய இடத்திலேயே நிற்கும். முன்னால் இருக்கும் ஒரு 'என்' மட்டும்தான் வித்தியாசம். ஒரே டேப்பில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கல்யாணங்களை எழுத வேண்டுமானால் 'என்' கட்டாயம். ஒவ்வொரு டார் முடிந்ததும் டிரைவ் ஒரு கோடு போட்டுக்கொள்ளும், அதற்குப் பெயர் ஃபைல்மார்க். அடுத்தது அந்தக் கோட்டுக்குப் பின்னால் தொடங்கும்.

டேப்பை வெளியே எடுத்துவிட்டு மறுபடி போடும்போது அது ஆரம்பத்தில்தான் நிற்கும். எனவே புதிய கல்யாணத்தைச் சேர்க்கும் முன், 'எம்டி, ஹைஃபன் எஃப், என்எஸ்டி0, இஓடி'. எழுதி முடிந்த கடைசி இடத்துக்குப் போ என்று அர்த்தம். அப்புறம் டார்.

2023-ல் ஒரு நாள். கடையில் இன்டர்நெட் இல்லை, நான் வழக்கம்போல வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து செய்ய முடியவில்லை. தங்கச்சிமடத்தில் ஒரு விசேஷத்துக்காக ராமேஸ்வரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பையன் போன் செய்தான். ஐந்தாவது கல்யாணம் தயாராக இருக்கிறது, டிஸ்க் நிரம்பிவிட்டது, நாளைக்கு இன்னொரு கல்யாணம் என்றான். சரி, நான் சொல்லச் சொல்ல அடி என்றேன். வாட்ஸ்ஆப்பில் தட்டி அனுப்பியிருக்கலாம். சோம்பல்.

பஸ் அப்போது பாம்பன் பாலத்தில் ஏறியது. எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் பஸ்ஸே எழுந்து ஜன்னலுக்கு வந்துவிடும். கீழே 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ரயில் இல்லாமல் கிடந்தது, பக்கத்தில் புதுப் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. கச்சான் காற்று அடிக்கும் மாசம். நான் போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு கத்தினேன்: "எம்டி, ஹைஃபன் எஃப், டெவ், என் எஸ் டி பூஜ்யம், இஓடி." பையன் காதில் விழுந்தது 'எஸ் டி பூஜ்யம்'. 'என்'னைக் காற்று கொண்டுபோய்விட்டது.

அவன் அடித்தான். டேப் சரியாகக் கடைசி இடத்துக்கு ஓடியது. கட்டளை முடிந்ததும், 'என்' இல்லாததால், அமைதியாக ஆரம்பத்துக்கு ரீவைண்ட் ஆனது. "சத்தம் வந்துச்சுண்ணே, இப்ப நின்னுருச்சு" என்றான். போகிற சத்தமா வருகிற சத்தமா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? டார் கட்டளையைச் சொல்லும்போது பஸ் பாம்பன் ஊருக்குள் இறங்கியிருந்தது. அதை அவன் 'என்'னோடு சரியாகவே அடித்தான். ஐந்தாவது கல்யாணம் முதல் கல்யாணத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபைலின் மேல் இன்னொன்றை எழுதினால் பெயராவது மாறிக்கிடக்கும், இடமாவது குறையும். டேப்புக்குப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. தலை எங்கே நிற்கிறதோ அங்கே எழுதும். எழுதி முடித்த இடத்தில் 'இதோடு சரி' என்று ஒரு குறி வைக்கும். அதற்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கல்யாணங்கள் டேப்பின் மேல் இருந்தாலும் டிரைவ் அந்தக் குறியைத் தாண்டிப் போகாது. நானும் எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஆறாவதைச் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது. 'எம்டி ஸ்டேட்டஸ்' அடித்தேன். ஃபைல் நம்பர் 1 என்றது. 5 என்று இருக்க வேண்டும். இரண்டு முறை, மூன்று முறை அடித்துப் பார்த்தேன். எண் மாறுமா என்ன.

இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்றும் இன்னும் டிஸ்கில் இருந்தன. முதல் கல்யாணம் இருந்த டிஸ்கை மட்டும் பையன் ஃபார்மேட் செய்திருந்தான், 'டேப்ல ஏறிடுச்சே' என்று. என் வாயால் சொன்ன அனுமதிதான் அது. அந்த வீட்டாரிடம் இரண்டு மணி நேரப் படம் பென் டிரைவில் இருந்தது. வெட்டாத 400 ஜிபி போயே போய்விட்டது. காக்கா நேரே அந்த வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எடுத்துக்கொண்டார்.

நான் அவரிடம் விளக்கம் சொல்ல உட்கார்ந்தேன். ரீவைண்டிங் டிவைஸ், நான்-ரீவைண்டிங் டிவைஸ் என்று ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் கேட்டார். "கல்யாணத்து மேல கல்யாணத்தைப் பதிஞ்சுட்டீக. அதானே?" அதேதான். "கேசட் காலத்துல இது நடக்காத ஸ்டுடியோ கெடையாது தம்பி. அதுக்குத்தான் பதிஞ்சு முடிச்சதும் கேசட்டு முதுகுல இருக்குற பல்லை உடைச்சுருவோம்."

விஎச்எஸ் கேசட் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன் மேல் பதிய முடியாது. எல்டிஓ டேப்பின் மூலையிலும் அதே வேலைக்கு ஒரு சிறிய நகர்த்தும் பூட்டு இருக்கிறது. நான் பத்து வருடத்தில் அதைத் தொட்டதே இல்லை. சர்வர் அறையில் எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும், நாம் பட்டனை அழுத்துகிறவர்கள். காக்கா அப்படி இல்லை. அவர் டேப்போடு கையால் வாழ்ந்தவர். அன்றைக்கு அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, என்னிடம் பதில் இல்லாத கேள்விகளின் பட்டியல் நீண்டது.

"கவுண்டர் எண்ணை எங்கே குறிக்கிறீக?" என்றார். விசிஆரில் ஓடும் எண்ணை அவர் கேசட் உறையில் எழுதி வைப்பாராம், நிக்காஹ் 1140, விருந்து 2300 என்று. தேடும்போது நேரே அங்கே ஓட்டலாம். டேப்பில் அதற்கு ஈடு அந்த ஃபைல் நம்பர்தான். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் போனால்? 24 டேப்பையும் ஒவ்வொன்றாக ஏற்றி ஆரம்பத்திலிருந்து படித்தால்தான் எதில் எது என்று தெரியும். முழு டேப்பை அதன் முழு வேகமான வினாடிக்கு 160 எம்பியில் படித்தாலே நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கினார். கணக்கு நோட்டு, சிவப்பு அட்டை. ஒரு டேப்புக்கு ஒரு பக்கம். மேலே பார்கோடு. கீழே வரிசையாக ஃபைல் நம்பர், எந்த வீட்டுக் கல்யாணம், தேதி, எத்தனை ஜிபி, யார் எழுதினது, யார் படித்துப் பார்த்தது. ஃபைல் நம்பர் 0-விலிருந்து தொடங்கும் என்பது அவருக்கு எரிச்சல். "முதல் கல்யாணத்தை எவனாச்சும் பூஜ்யம்னு சொல்லுவானா?" அதனால் நோட்டில் இரண்டு எண்ணும் இருக்கிறது: அவருடைய 1, டிரைவின் 0. நான்காவது கல்யாணம் வேண்டுமானால் ரீவைண்ட் செய்துவிட்டு 'எஃப்எஸ்எஃப் 3', மூன்று கோட்டைத் தாண்டு. நான்கு என்று கொடுத்து ஐந்தாவது வீட்டுக்குப் போனவர்கள் உண்டு, நான்தான்.

நோட்டு மட்டும் போதாது. டார் ஓடும்போது வரும் ஃபைல் பட்டியலை அப்படியே சேமித்து, ஒவ்வொரு ஃபைலின் ஷா256 எண்ணையும் (ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்) சேர்த்து, மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். சில எம்பிதான், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் மின்சாரம் இல்லாத நாளில் பதில் சொல்வது அந்தச் சிவப்பு நோட்டுதான்.

அப்புறம் ஒரு சட்டம் போட்டோம். டார் அடிக்கும் முன் 'எம்டி ஸ்டேட்டஸ்'. திரையில் பிஓடி என்று வந்தால், டேப் ஆரம்பத்தில் நிற்கிறது, புது டேப் தவிர வேறு எதற்கும் கையை எடு. இஓடி என்று வந்து, ஃபைல் நம்பர் நோட்டோடு பொருந்தினால் மட்டும் எழுது. இதை ஸ்கிரிப்டிலும் போட்டுவிட்டேன், நோட்டு எண்ணைக் கேட்கும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். ஆறு கல்யாணம் ஏறியதும் பூட்டைத் தள்ளிவிடுவது காக்காவின் வேலை. வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

டேப்பில் ஏறிவிட்டது என்பதற்காக டிஸ்கை அழிப்பதும் நின்றது. இப்போது இரண்டு டேப்பில் ஏற வேண்டும், இரண்டையும் படித்துச் சரிபார்க்க வேண்டும், நோட்டில் இரண்டு கையெழுத்து விழ வேண்டும். படித்துப் பார்க்கும்போது ஒரு சின்ன வழுக்கல் இருக்கிறது: டேப்பில் இருப்பதைப் படித்துப் பட்டியலிடும் 'டார் டி' முடிந்ததும் தலை ஃபைல்மார்க்குக்கு முன்னாலேயே நின்றுவிடும். உடனே அடுத்ததைப் படிக்கச் சொன்னால் ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். நடுவில் ஒரு 'எஃப்எஸ்எஃப் 1' போட வேண்டும். முதல் தடவை இதைப் பார்த்தபோது இன்னொரு கல்யாணமும் போச்சு என்று எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

வேகம் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் பழைய யுஎஸ்பி டிஸ்கிலிருந்து நேரே டேப்புக்கு எழுதினோம். டிஸ்க் வினாடிக்கு 30 எம்பி கொடுத்தது. டிரைவ் தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும், அந்த அளவுக்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் இழுத்து, தரவு சேர்ந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். ஓடும், நிற்கும், பின்னால் போகும், ஓடும். தையல்காரர் காலை எடுத்து எடுத்து மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். காக்கா பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தார். "இது ஒடம்புக்கு ஆகாத சத்தம் தம்பி, டேப்பு தேயும், ஹெட்டும் தேயும்" என்றார். சரியாகச் சொன்னார்.

வழி எளிதுதான். முதலில் எஸ்எஸ்டிக்கு நகல். அங்கிருந்து டார், நடுவில் 'எம்பஃபர்' என்ற சிறு நிரல். அதற்கு 4 ஜிபி நினைவகம் கொடுத்து, 90 சதவீதம் நிரம்பிய பிறகே எழுதத் தொடங்கு என்று சொல்லிவிட்டால் டேப் நிற்காமல் ஓடும். குளத்தில் தண்ணீர் நிறைந்த பிறகு மடையைத் திறப்பது போல. ஆயிரக்கணக்கான சின்னப் புகைப்பட ஃபைல்கள் இருந்தால் எஸ்எஸ்டியிலும் வேகம் சரியும். அவற்றை முதலில் ஒரே டாராகக் கட்டி வைத்துவிடுவோம்.

இதோடு பிளாக் அளவு, அதாவது டேப்புக்கு ஒரு தடவையில் போகும் கவளம். டார் தானாக எழுதினால் ஒரு கவளம் 10 கேபி. எல்டிஓவுக்கு அது காணாது. 'பி 512' என்று கொடுத்தால் 256 கேபி. சரி, கொடுத்தோம். இதன் பின்விளைவு மதுரையில் தெரிந்தது. வெளியூரில், வேறு டிரைவில் எங்கள் டேப் படிக்கிறதா என்று பார்க்க மதுரையில் இருக்கும் ஒரு நண்பரிடம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அவரிடம் எல்டிஓ-7 டிரைவ். "உன் டேப் கெட்டுப்போச்சு. நினைவகம் ஒதுக்க முடியவில்லைன்னு சொல்லுது" என்றார். ராம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்திருக்கிறார். காரணம் ராம் இல்லை. டேப்பில் இருக்கும் கவளம் பெரிது, அவர் திறந்த வாய் சிறிது. அதே 'பி 512' கொடுத்ததும் கடகடவென்று படித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு டேப் உறையிலும் '512' என்று எழுதுகிறோம். பத்து வருடம் கழித்து எவனோ ஒருவன் இதைப் படிக்க வேண்டியிருக்கும், அவனுக்கு என் போன் நம்பர் தெரியாது.

மதுரையில் எல்டிஓ-7 இருந்ததும் ஒரு அதிர்ஷ்டம்தான். எல்டிஓ-7 டிரைவ் எல்டிஓ-6 டேப்பில் படிக்கவும் எழுதவும் செய்யும். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6-ஐப் படிக்கவே படிக்காது, 7-ஓடு நின்றுவிடும். டேப் முப்பது வருடம் இருக்கும் என்கிறார்கள், படிக்கும் டிரைவ் இருக்குமா என்பதுதான் கேள்வி. உதிரியாக இன்னொரு எல்டிஓ-6 டிரைவ் வாங்கி வைத்திருக்கிறோம். அதுவும் பழசுதான்.

எல்டிஎஃப்எஸ் போட்டிருந்தால் டேப்பை ஒரு பென் டிரைவ் மாதிரியே திறந்து பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், எல்டிஓ-5 முதல் அது இருக்கிறது, நல்ல வசதி. எனக்கு டார் பிடிக்கும். எந்த லினக்ஸிலும் இருக்கிறது. அவ்வளவுதான் என் கட்சி.

ஈரம். இதில் காக்கா எனக்கு வாத்தியார். எங்கள் கரையில் விஎச்எஸ் கேசட்டுக்கு எமன் பூஞ்சை. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அப்படி ஒன்றை ஓட்டினால் ஹெட் முழுக்க அப்பிக்கொள்ளும், அடுத்து போடும் கேசட்டும் போகும். எல்டிஓ டேப்பை நீண்ட காலம் வைக்க 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நான் ஒரு மலிவான ஈரமானியை வாங்கி பீரோவுக்குள் வைத்தேன். 78 காட்டியது.

முழு அறையை வருடம் முழுக்க உலர்த்த நாங்கள் என்ன வங்கியா? காக்காவின் பழைய முறைக்கே வந்தோம்: ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், டேப்புகள் படுக்காமல் நின்றபடி. ஒரு டப்பாவுக்கு ஒரு ஈரமானி. 45-க்கு மேல் போனால் பொட்டலத்தைக் காய வைத்து மாற்ற வேண்டும், இது பையனின் வெள்ளிக்கிழமை வேலை. லைப்ரரியில் இந்த மாதம் எழுதப் போகும் டேப்புகள் மட்டும்.

இன்னொன்று, ஏசி. கரண்ட் பில் பார்த்து ராத்திரியில் அணைத்து, காலையில் ஜன்னலைத் திறந்துவிடும் பழக்கம் கடையில் இருந்தது. குளிர்ந்த இயந்திரத்தின் மேல் கடல் காற்று பட்டால் கண்ணாடி டம்ளர் வியர்ப்பது போல வியர்க்கும். கூடவே உப்பு. கடல் பக்க ஜன்னலை நிரந்தரமாக அடைத்துவிட்டோம். மதுரை போய் வந்த டேப்பை ஒரு நாள் முழுக்க அறையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் டிரைவில் போடுகிறோம். கிளீனிங் டேப்பை டிரைவ் கேட்டால் மட்டும் போடுங்கள். சும்மா இருக்கிற நாளில் எல்லாம் போட்டால் ஹெட்டைத் தேய்ப்பதுதான் மிச்சம்.

2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். எங்கள் பக்கமும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, கரண்ட் போனது. டேப் ஓடிக்கொண்டிருந்தது, யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கி மூச்சை விட்டது. நடுவில் நின்ற கல்யாணம் பாதியோடு போனது. அதற்கு முன்னால் கோடு போட்டு முடிந்த மூன்றும் பத்திரமாக இருந்தன. நோட்டைப் பார்த்து 'எஃப்எஸ்எஃப் 3' போட்டு, அந்த இடத்திலிருந்து மறுபடி எழுதினோம். இப்போது யுபிஎஸ் கத்தத் தொடங்கினால் பையனே டாரை நிறுத்திவிடுகிறான்.

இரண்டாவது நகல் டேப்புகள் கீழக்கரையில் இல்லை. பரமக்குடியில் காக்காவின் சொந்தக்காரர் வீட்டில், அதே மாதிரி டப்பாவில். மாதம் ஒரு முறை தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்புப் பொட்டலத்தோடு பஸ்ஸில் போகிறது. கீழே போட்டுவிடாதே என்று பையனிடம் தினமும் சொல்கிறேன். டேப்பின் நுனியில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது, டிரைவ் அதைப் பிடித்துத்தான் இழுக்கும். விழுந்தால் அது நகர்ந்துவிடும். டேப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், டிரைவ் வாங்காது.

போனில் கட்டளை சொல்வதை விட்டுவிட்டோமா? இல்லை. இன்டர்நெட் போவது நிற்கவில்லையே. எழுத்துக்கு ஊர்ப்பெயர் வைத்தோம். யோசனை பையனுடையது. அவன் மாமா ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறார், அங்கே வண்டி நம்பர் சொல்லும்போது இப்படித்தான் சொல்வார்களாம். 'என்' என்றால் நரிப்பையூர், 'எஸ்' சாயல்குடி, 'டி' தொண்டி. 'எம்' மண்டபம். 'எஃப்' எழுத்துக்கு மட்டும் நம் கரையில் ஊர் கிடைக்கவில்லை, அதற்குப் ஃபாத்திமா வீதி என்று அவனே ஒன்று வைத்துக்கொண்டான்.

போன மாதம் காக்கா சொன்ன அந்த போன் வந்தது. துபாய் இல்லை, மலேசியா. டேப்பில் ஏற்றிய பழைய டிஸ்க் ஒன்றில் இருந்த 2017 கல்யாணம். நான் அப்போது மண்டபத்தில் கடற்கரையில் நின்றிருந்தேன், நல்ல காற்று. நோட்டில் ஒன்பதாம் டேப், அவர் கணக்கில் நான்கு, டிரைவ் கணக்கில் மூன்று. ரீவைண்ட் அடித்தாயா என்றேன். "அடிச்சாச்சுண்ணே." எந்தப் பெயரில்?

"நரிப்பையூர், சாயல்குடி, தொண்டி, சைபர்" என்றான். "எஃப்எஸ்எஃப் மூணு. ஓடுது."

பின்னால் காக்கா சத்தமாகக் கேட்டது என் காதிலும் விழுந்தது: "பூட்டு தள்ளியிருக்கான்னு பாத்தியா?"